குட்டனுக்கு நான் குறித்த திதி

குட்டன்மேல் குற்றமில்லை. அது எனக்குத் தெரியும். தெரிந்த பிறகும், அவன்தான் என்று என் கையால் எழுதிக் கொடுத்தேன்.

குட்டன் ஒரு நாய். ஒரு நாயின் விஷயத்தில் ஒப்புக்கொள்ள என்ன இருக்கிறது என்று நீங்கள் நினைக்கலாம். பத்து வருஷங்களாக நானும் அப்படித்தான் எனக்குச் சொல்லி வந்தேன். நாய்தானே... அந்த ஒரு சொல் இத்தனை நாள் போதுமானதாக இருந்தது. இப்போது போதவில்லை.

என் தொழிலை முதலில் சொல்லிவிடுகிறேன். திருவனந்தபுரத்தில் ஒரு பத்திரிகையாபீசில் எனக்கு வேலை. கோர்ட்டு, முனிசிபாலிட்டி, தீ விபத்து, ஆற்றில் மூழ்கியவர்கள் இவை என் பகுதி. கண்டதைக் கண்டேன் என்று எழுது, கேட்டதைக் கேட்டேன் என்று எழுது, இரண்டையும் கலக்காதே என்று எனக்குப் பழக்கியிருந்தார்கள். நான் கலப்பதில்லை என்று பெயரும் இருந்தது. அந்தப் பெயர்தான் என்னைக் கெடுத்தது என்று சொல்லிப் பழியை அதன்மேல் போடலாம். போடப் போவதில்லை.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் நடுவில் ஒரு கும்ப மாதம். ஸ்ரீவராகத்தில் எங்கள் தெரு முழுவதும் தெள்ளுப்பூச்சி. எங்கள் பேச்சில் செள்ளு. மூட்டுக்குக் கீழே காலெல்லாம் சிவப்புத் தடிப்பு. நெய்வேத்தியத் தட்டை ஏந்தி நிற்பவர் ஒரு காலால் மறு காலைச் சொறிந்துகொண்டு நிற்பார். மடித்துணி உடுத்தி ஜபத்தில் உட்கார்ந்தவர் நடுவில் எழுந்து வேட்டியை உதறுவார்.

தெருவில் ஒரே ஒரு வீட்டில்தான் நாய் இருந்தது. அது எங்கள் வீட்டுக்கு அடுத்த வீடு. விசாலம் மாமியின் வீடு.

மாமிக்கு நாற்பதாவது வயதில் ஒரு காய்ச்சல் வந்து காது இரண்டும் போய்விட்டன. பிறகு கணவரும் போனார். பிள்ளைகள் இல்லை. அவள் பேசுவாள், மற்றவர்கள் பதிலைச் சிலேட்டில் எழுதிக் காட்ட வேண்டும். சிலேட்டு எப்போதும் அவள் இடுப்போரம் இருக்கும். கொல்லைப்புறத்தில் ஒதுங்கிய ஒரு குட்டியை அவள் சோறு போட்டு வளர்த்தாள். யாரும் கற்றுக்கொடுக்காமலே அது ஒரு வேலையைப் பிடித்துக்கொண்டது. வாசலில் யாராவது வந்து நின்றால், மாமி எங்கே இருந்தாலும் ஓடிப்போய் அவள் முந்தானையைப் பல்லால் பிடித்து இழுக்கும். பால்காரி, தபால்காரர், மழை, தெருவில் சுவாமி புறப்பாடு எல்லாமே மாமிக்கு அந்த இழுப்பில்தான் தெரிய வந்தன.

நாயின் வாய் பட்ட புடவையோடு ஒரு பிராமண ஸ்திரீ வீட்டுக்குள் நடமாடுகிறாள் என்று தெருவுக்குக் கோபம். அந்தக் கோபம் செள்ளுக்கு முன்னாலேயே இருந்தது. இதை நான் அப்போதே கவனித்திருந்தேன். எழுதவில்லை.

பஜனை மடத்துக் காரியஸ்தர் சேஷையர் ஒரு சாயங்காலம் எல்லாரையும் கூப்பிட்டார். ராமநவமிக்கு ஒரு மாதமே இருந்தது.

"இந்தச் செள்ளோட உத்ஸவம் நடத்த முடியாதாக்கும். பாகவதர் பாடுவாரா, சொறிவாரா?"

எல்லாரும் சிரித்தார்கள். ஒருவர் நாயைச் சொன்னார். இன்னொருவரும் நாயைச் சொன்னார். சேஷையர் கையைக் காட்டி நிறுத்தினார்.

"சும்மா வாயால சொல்லிண்டிருந்தா மாமி ஒத்துக்க மாட்டா. நம்ம கிட்டன் இருக்கானே, பேப்பர்காரன். அவன் ஒவ்வொரு ஆத்துலயும் ஏறிப் பார்த்துட்டு எழுதிக் குடுக்கட்டும். நாலு பேர் பேசறது வேற, அச்சடிக்கறவன் எழுதறது வேற."

"ஆத்துல மட்டுமா, ஆத்துக்காரிகிட்டயும் எழுதி வாங்கணுமா?" என்று பின்னாலிருந்து ஒரு குரல். மறுபடி சிரிப்பு. நான் சிரிக்கவில்லை. எனக்குப் பெருமையாக இருந்தது.

ஆபீசில் ஓர் ஆங்கிலத் துண்டுப் பிரசுரம் கிடந்தது. நாயிலும் வீட்டிலும் தெள்ளை ஒழிப்பது பற்றியது. அதைப் படித்துவிட்டு இறங்கினேன். வழி எளிது. நனைத்த வெள்ளைத் துணியை முழங்கால்வரை சுற்றிக்கொண்டு ஒவ்வோர் அறையிலும் மெதுவாக நடக்க வேண்டும். காலடியின் அதிர்வுக்குப் பூச்சி தாவும். ஈரத்தில் ஒட்டிக்கொள்ளும். வெளியே வந்து எண்ணலாம்.

இரண்டு நாள் எண்ணினேன். மாமியின் வீட்டு ரேழியில் நான்கு. நாயைப் புரட்டிப் பார்த்ததில் காதுமடலில் இரண்டு, வால் அடியில் ஒன்று. சனிக்கிழமைதோறும் மாமி அதற்கு எண்ணெய் தேய்த்துச் சீயக்காய் போட்டுக் குளிப்பாட்டி, பேன்சீப்பால் வாரிவிடுவாள். தெருவில் பாதிக் குழந்தைகளைவிட அது சுத்தம்.

என் வீட்டுப் பூஜையறையில் முப்பத்தொன்று.

நீங்கள் என்ன முடிவுக்கு வருவீர்கள்? நான் வந்த முடிவு இது: அடுத்த வீடாயிற்றே, சுவர் ஒன்றுதானே, நாயிடமிருந்து எங்கள் பக்கம் தாவியிருக்கிறது. எண்களை அப்படியே எழுதினேன், ஒன்றையும் மாற்றவில்லை. முடிவைத்தான் எண்கள் வருவதற்கு முன்பே எழுதி வைத்திருந்தேன். ஞாயிற்றுக்கிழமை பஜனை மடத்தில் நானே எழுந்து நின்று அதை வாசித்தேன். நல்ல நடை என்று சேஷையர் சொன்னார்.

நாயை அனுப்பத் தீர்மானமாயிற்று. மாமியின் கணவருக்குப் பழக்கமான நாணு பிள்ளை என்பவர் வித்துராவில் ஒரு தோட்டத்தில் கணக்கெழுதிக்கொண்டிருந்தார். சாலைக் கடைத்தெருவிலிருந்து புதன்கிழமை மலைச்சரக்கு வண்டி அந்தப் பக்கம் திரும்பும். அதில் ஏற்றிவிடுவது என்று பேச்சு.

திங்கட்கிழமை மத்தியானம், ஒரு பழைய வழக்குச் செய்தியைத் தேடி மச்சில் ஏறினேன். பழைய பத்திரிகைகளை அங்கேதான் கட்டுக்கட்டாக வைத்திருந்தேன். ஒரு கட்டின் நடுவில் குழி. எங்கள் வீட்டுப் பூனை படுத்துப் படுத்து அமுங்கிய குழி. காகிதத்தின்மேல் வெள்ளை எள் போல, எள்ளைவிடச் சிறிதாகச் சில. அவற்றோடு மிளகுப்பொடி தூவியதுபோல் கறுப்புத் துகள்.

துண்டுப் பிரசுரத்தில் இதுவும் இருந்தது. வெள்ளையாக இருப்பது தெள்ளின் முட்டை, கறுப்புத் துகள் அதன் எச்சம். குடித்த ரத்தம்தான் அப்படிக் காய்ந்து கிடக்கும். சந்தேகமானால் ஈரமான ஒப்புத்தாளில், அதாவது மை ஒற்றும் காகிதத்தில், வைத்துப் பார்க்கவும். என் மேஜையில் ஒப்புத்தாள் இருந்தது. நனைத்து, துகளைத் தூவினேன். ஒவ்வொரு புள்ளியைச் சுற்றியும் சிவப்பு பரவிற்று.

கீழே இறங்கிப் பூஜையறைக்குப் போனேன். மடித்துணி வைக்கும் மூங்கில் கூடையில் பூனை படுத்திருந்தது. கூடையின் அடியை உதறினேன். அதே துகள். அதே சிவப்பு. பிறகு பின்சுவரைத் தாண்டிப்போய், மாமி நாய்க்குப் போட்டிருந்த சாக்கையும் உதறிப் பார்த்தேன். வெறும் மண். ஒப்புத்தாள் வெள்ளையாகவே இருந்தது.

அந்த இரண்டு நாளும் நான் பூனையைப் பார்க்கவே இல்லை. இல்லை... பார்த்தேன். பூஜையறையில் துணி சுற்றி நடந்தபோது அது என் காலுக்கு அடியிலேயே படுத்திருந்தது. தெருவில் பதினேழு பூனைகள். அடுப்படியில் படுக்கும், நெய்வேத்தியத்துக்கு வைத்த பாலுக்குப் பக்கத்தில் உட்காரும், பட்டுத்துணியில் குட்டி போடும். பூனைக்குத் தீட்டில்லை என்பது எங்கள் வழக்கம். நாய் வாசற்படி தாண்டினால் குளிக்க வேண்டும். தீட்டில்லாத பிராணியின் உடம்பில் பூச்சி இருக்கும் என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. எண்ணிப் பார்க்கப் போன எனக்கே தோன்றவில்லை.

அதுவரை நடந்தது தவறு. தவறுக்காக நான் இதை எழுதவில்லை. புதன்கிழமைக்கு இன்னும் இரண்டு நாள் இருந்தன.

எழுந்து சேஷையர் வீட்டுக்கு நடந்திருந்தால் நூறடி. ஏன் போகவில்லை? ராமநவமி ஒன்பது நாளும் மடத்து நெய்வேத்தியம் சமைப்பது என் அம்மா. எங்கள் மடித்துணிக் கூடையிலிருந்துதான் செள்ளு வந்தது என்று தெரிந்தால், அந்தச் சமையல் அந்த நிமிஷமே வேறு வீட்டுக்குப் போய்விடும். இது ஒரு காரணம். வெகுகாலம் இதையே காரணம் என்று வைத்துக்கொண்டிருந்தேன். அம்மாவுக்காக என்றால் கேட்பதற்கு நன்றாக இருக்கிறதல்லவா?

உண்மைக் காரணம் சிறியது. ஞாயிற்றுக்கிழமை வாசித்ததைத் திங்கட்கிழமை மறுக்க என்னால் முடியவில்லை. பத்திரிகையில் திருத்தம் போடுவோம், கடைசிப் பக்கத்தில், பொடி எழுத்தில். தெருவில் பொடி எழுத்து கிடையாது. எழுந்து நின்று சொல்ல வேண்டும்.

செவ்வாய்க்கிழமை மாமி கூப்பிட்டாள். நாயைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தாள். கழுத்தைச் சுற்றி முதலில் நுரை போட்டாள். அப்படிச் செய்தால்தான் பூச்சி முகத்துக்கு ஏறாது. பிரசுரத்திலும் அதுவே இருந்தது. அவள் எந்தப் பிரசுரத்தையும் படித்தவளல்ல. பேன்சீப்பால் வாரி, சீப்பை வெந்நீரில் முக்கி, கிண்ணத்தை என்னிடம் நீட்டினாள். தண்ணீரில் ஒரு பூச்சி மிதந்தது.

"நன்னாப் பாரு கிட்டா. ஒண்ணாக்கும். இந்த ஒண்ணு போயா ஊரெல்லாம் கடிச்சுது?"

நான் தண்ணீரைப் பார்த்தேன்.

"சேஷன் என்ன வேணும்னாலும் சொல்லட்டும். அவனுக்கு என்னைக் கண்டாலே ஆகாது. நீ எழுதறவன். நீ பொய் எழுத மாட்டே. இவன்தானா?"

ஈரக்கையைப் புடவையில் துடைத்துவிட்டுச் சிலேட்டை நீட்டினாள். நாய் உடம்பை உதறியது. என் சட்டையெல்லாம் நுரை.

ஆமாம் என்று எழுதினேன்.

அவள் வெகுநேரம் அதைப் பார்த்தாள். அதில் படிக்க ஒரு சொல்தான் இருந்தது. பிறகு முந்தானையால் அழித்தாள்.

"அப்போ சரி. ஒரு மாசம் இருந்துட்டு வரட்டும். மலைக்காத்து நல்லதாக்கும்," என்று நாயிடம் சொன்னாள்.

புதன்கிழமை வண்டி வந்தது. கயிறு கட்டும்போது குட்டன் சும்மா இருந்தான். வண்டிக்காரன் வாசலில் வந்து நின்றதும், அந்தக் கயிற்றோடே ஓடிப்போய் மாமியின் முந்தானையைப் பிடித்து இழுத்தான். யாரோ வந்திருக்கிறார்கள் என்று சொல்ல.

அடுத்து நான் செய்ததுதான் மிகவும் திறமையானது. வித்துரா வண்டி கண்ணுக்கு மறைந்த அன்று மத்தியானமே என் வீட்டைச் சுத்தம் செய்ய ஆரம்பித்தேன். பத்திரிகைக் கட்டுகளைக் கொல்லையில் போட்டுக் கொளுத்தினேன். மச்சுப் பலகைகளின் இடுக்கை ஈர்க்குச்சியால் கிளறி, பெருக்கியதைக் கையோடு எரித்தேன். இடுக்கெல்லாம் சுண்ணாம்புப் பொடியும் உப்பும். மடித்துணி முழுவதையும் கொதிக்கும் வெந்நீரில் போட்டேன். மூங்கில் கூடையையும் பாய்களையும் மூன்று நாள் வெயிலில் கவிழ்த்து வைத்தேன். தெள்ளு கூட்டுக்குள் வாரக்கணக்கில் அசையாமல் கிடந்து, காலடி கேட்டால் வெளிவரும். ஒருமுறை பெருக்கினால் தீராது. ஒரு நாள் விட்டு ஒரு நாள், மூன்று வாரம் பெருக்கினேன். நடுநடுவே வெள்ளைத் துணி சுற்றி நடந்து எண்ணினேன். முப்பத்தொன்று. பத்தொன்பது. ஆறு. ஒன்று. ஒன்றுமில்லை.

பூனையைக் கோணியில் கழுத்துவரை சுற்றிப் பிடித்து, வேப்பிலை வெந்நீரில் குளிப்பாட்டி, சீப்பால் வாரினேன். கையெல்லாம் கீறல். அம்மா பார்த்துவிட்டாள்.

"பூனையைப் போய் எதுக்குடா குளிப்பாட்டறே? அது தன்னைத்தானே நக்கிச் சுத்தம் பண்ணிக்கும். உனக்கென்ன கிறுக்கா?"

"மச்சுல எலிப்புழுக்கையில புரண்டுடுத்தும்மா."

தெருவில் மற்றவர்களும் என் பேச்சைக் கேட்டுப் பாயை வெயிலில் போட்டார்கள், சுண்ணாம்பு தூவினார்கள். ராமநவமிக்குச் செள்ளு ஒன்றுகூட இல்லை. பார்த்தீர்களா, நாய் போயிற்று, பூச்சியும் போயிற்று! என் அறிக்கை மெய்யாயிற்று. சேஷையர் எல்லார் எதிரிலும் எனக்குச் சந்தனம் கொடுத்தார். வாங்கிப் பூசிக்கொண்டேன்.

வண்டி போன மறுவாரமே நாணு பிள்ளையின் கடிதம் வந்திருந்தது. அது மலையாளத்தில் இருந்ததால் மாமி என்னிடம் கொண்டுவந்தாள். கல்லிடைக்குறிச்சியில் பிறந்தவள்; தமிழ் மட்டும் வாசிப்பாள்.

கடிதம் ஐந்து வரி. வந்த மூன்றாம் நாள் நாய் கயிற்றைக் கடித்து அறுத்துக்கொண்டு போய்விட்டது. வண்டி வந்த பாதையிலேயே ஓடியதைச் சந்தைக்காரர்கள் பார்த்திருக்கிறார்கள். நெடுமங்காடுவரை ஆளனுப்பித் தேடியும் கிடைக்கவில்லை. மன்னிக்க வேண்டும்.

வண்டி வந்த பாதையிலேயே... வீட்டைப் பார்த்துத்தான் ஓடியிருக்கிறது. வந்து சேரவில்லை.

மாமி என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் சிலேட்டை வாங்கினேன். குட்டன் சௌக்கியம், நன்றாகச் சாப்பிடுகிறான், தோட்டத்தில் எல்லாருக்கும் செல்லம் என்று எழுதினேன்.

"பார்த்தியா? அங்கேயும் போய் எல்லாரையும் மயக்கிட்டான், கள்ளன்."

ஒரு மாதம் கழித்து அவனைத் திரும்பக் கூப்பிடலாமா என்று கேட்டாள். சேஷையர் சம்மதிக்கவில்லை. நிஜமாகவே சம்மதிக்கவில்லை, அந்த அளவுக்கு எனக்கு அதிர்ஷ்டம். பிறகு அவள் கேட்கவில்லை. இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை, நாணு பிள்ளைக்கு ஒரு கடிதம் எழுது என்பாள். எழுதுவேன், தபாலில் போட மாட்டேன். சில நாள் கழித்துப் பதிலையும் நானே சிலேட்டில் எழுதிக் காட்டுவேன். ஒரு மலைப்பாம்பைக் கண்டு குரைத்துக் கூலியாட்களைக் காப்பாற்றினான் என்றுகூட ஒருமுறை எழுதினேன். அவள் அதைத் தெருவெல்லாம் சொன்னாள். பத்திரிகையில் நான் எழுதிய எதையும் யாரும் அவ்வளவு சந்தோஷமாகப் படித்ததில்லை.

குட்டன் இல்லாத வீட்டில் அவள் ஒரு ஏற்பாடு செய்துகொண்டாள். வாசற்கதவின் வளையத்தில் ஒரு நார்க்கயிறு கட்டி, ரேழி வழியாக உள்ளே கொண்டுபோய், மறுமுனையைத் தன் மணிக்கட்டில் கட்டிக்கொள்வாள். வருகிறவர்கள் கயிற்றை இழுக்க வேண்டும். உள்ளே அவளுக்குக் கை ஆடும். எழுந்து வருவாள். கொல்லைக்குப் போகும்போது அவிழ்த்துவிட்டு, மறந்துபோய், யாரோ வாசலில் அரைமணி நின்று திரும்பியதும் உண்டு. தெருப் பிள்ளைகள் விளையாட்டுக்கு இழுத்துவிட்டு ஓடியதும் உண்டு. நானும் அந்தக் கயிற்றை இழுத்துத்தான் இத்தனை வருஷமாக உள்ளே போகிறேன்.

நான்கு வருஷம் இப்படிப் போயிற்று. ஒரு மீன மாதத்தில் அவள் கயிற்றை அவிழ்த்துப் போட்டுவிட்டு நேராக எங்கள் வீட்டுக்கே வந்தாள். முகம் மலர்ந்திருந்தது.

"கிட்டா, வித்துராவுக்கு பஸ் போறதாமே! கரமனையில சொன்னா. கார்த்தால ஏறினா சாயந்தரம் திரும்பிடலாமாம். ஒரு நடை என்னைக் கூட்டிண்டு போயேன். அவனுக்கும் வயசாயிடுத்து. ஒரு தடவை பார்த்துட்டு வந்துடறேன். அவன் என்னை மறந்திருப்பானோ?"

சொல்வதற்கு அதைவிட நல்ல சமயம் எனக்கு வந்ததில்லை. சிலேட்டுக்குச்சியும் கையில்தான் இருந்தது.

நேற்றுத்தான் கடிதம் வந்தது, போன வெள்ளிக்கிழமை குட்டன் இறந்துவிட்டான், வயதாகித் தூக்கத்தில், என்று எழுதினேன்.

அவள் அழவில்லை.

"வெள்ளிக்கிழமையா?"

தலையசைத்தேன்.

"பஞ்சாங்கத்தை எடு. அன்னிக்கு என்ன திதி?"

எடுத்துப் பார்த்தேன். பார்க்காமல் என்ன செய்வது? மீன மாதம், கிருஷ்ணபட்சம், தசமி. எழுதிக் காட்டினேன். அவள் வீட்டுக்குப் போய்க் கிணற்றடியில் நின்று, புடவையோடு மூன்று வாளி தண்ணீரைத் தலையில் ஊற்றிக்கொண்டாள். ஒரு நாய்க்காக எங்கள் தெருவில் யாரும் தலைமுழுகியதில்லை. பின்சுவருக்கு இந்தப் பக்கம் நின்று நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அந்த வருஷத்திலிருந்து மீன மாதத் தசமியன்று அவள் ஒரு பொழுதுதான் சாப்பிடுகிறாள். தயிர்ச்சாதம் பிசைந்து உருண்டையாக இலையில் வைத்து, கொல்லைக் கதவுக்கு வெளியே தெருநாய்களுக்குப் போடுகிறாள். நான் ஒரு நிமிஷத்தில் வாயில் வந்ததைச் சொன்ன நாள் அது. குட்டன் எந்தக் காட்டில், எந்த வண்டிச் சக்கரத்தடியில், எந்த நாளில் செத்தானோ, அந்த நாளுக்கு யாரும் ஒரு பிடி சோறு வைக்கவில்லை.

சேஷையர் காலமாகிவிட்டார். அம்மாவும் இல்லை. நான் யாருக்காக மறைத்தேன் என்று சொல்லிக்கொண்டேனோ, அவர்கள் ஒருவரும் இல்லை. சொன்னால் இனி எனக்கு என்ன குறைந்துவிடும்? ஒன்றும் குறையாது. மாமிக்குத்தான் குறையும். அவளிடம் இருப்பது அந்தத் திதி ஒன்றுதான்... இதுவும் கேட்பதற்கு நன்றாக இருக்கிறது. அம்மாவுக்காக என்று சொன்னதைப் போலவே.

மாமிக்கு இப்போது கண்ணும் மங்கல். பஞ்சாங்கத்தின் பொடி எழுத்து தெரிவதில்லை. சிலேட்டில் பெரிதாக எழுதினால் படிக்கிறாள். நேற்றுக் கயிற்றை இழுத்து உள்ளே போனேன். புதுப் பஞ்சாங்கத்தை என் மடியில் வைத்தாள்.

"இந்த வருஷம் அவனோட திதி என்னிக்கு வரது, பார்த்துச் சொல்லு. தெருவுல எல்லாரும் அவனை மறந்துட்டா. உனக்கு மட்டும்தான் ஞாபகம் இருக்கு, கிட்டா."

குச்சியை எடுத்தேன். மாமி, குட்டன் என்று இரண்டு சொல் எழுதினேன். அவள் கண்ணைச் சுருக்கிக்கொண்டு மூன்றாவது சொல்லுக்காகக் காத்திருந்தாள். கயிறு அவள் மணிக்கட்டில் தொங்கிக்கொண்டிருந்தது.

இரண்டு சொல்லையும் உள்ளங்கையால் அழித்தேன். பஞ்சாங்கத்தில் தசமியைப் பார்த்து, புதன்கிழமை என்று பெரிதாக எழுதிக் கொடுத்தேன்.